டெடி டேவிசன்

டெடி டேவிசன் (ஜான் எட்வர்ட் டேவிசன், 1887–1971) இங்கிலாந்துக் கால்பந்து கோல்கீப்பர், கிளப் மேலாளர். ஷெஃபீல்டு நகரின் இரு போட்டிக் கிளப்புகளில் ஒன்றான வெட்னஸ்டேவுக்கு 18 ஆண்டுகள் ஆடியவர். மற்றொன்றான யுனைடெட்டை மேலாளராக 20 ஆண்டுகள் நடத்தியவர்.

ஆட்டக்காலம்

கேட்ஸ்ஹெட்டில் பிறந்த டேவிசன், 1908இல் வெட்னஸ்டேவில் சேர்ந்தார். அவரது உயரம் 5 அடி 7 அங்குலம். காக்க வேண்டிய கோல் கம்பத்தின் உயரமோ 8 அடி. ஆயினும் 1926 வரை அவர் அக்கிளப்புக்கு ஆடினார். முதல் உலகப் போரால் லீக் நான்கு பருவங்கள் நின்றுபோனபோதும், ஏறத்தாழ 400 லீக் ஆட்டங்கள் அவர் கணக்கில் சேர்ந்தன. 1922 மார்ச்சில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் வேல்ஸுக்கு எதிராக இங்கிலாந்தின் கோலைக் காத்தார். இங்கிலாந்து 1–0 என வென்றது. நாட்டுக்காக அவர் ஆடிய ஒரே ஆட்டம் அது. அப்போது அவருக்கு வயது 34. இங்கிலாந்து அணியின் மிகக் குள்ளமான கோல்கீப்பராக அவர் குறிப்பிடப்படுகிறார்.

மேலாளர்

1926இல் மேன்ஸ்ஃபீல்டு டவுனிலும் பின்னர் செஸ்டர்ஃபீல்டிலும் மேலாளரானார். 1930–31இல் செஸ்டர்ஃபீல்டு மூன்றாம் டிவிஷன் வடக்குப் பிரிவில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டு ஷெஃபீல்டு யுனைடெட் அவரை அழைத்துக்கொண்டது.

தொடக்கம் கசந்தது. 1893இலிருந்து முதல் டிவிஷனை விட்டு இறங்காதிருந்த யுனைடெட், 1934இல் இறங்கியது. இரண்டாம் டிவிஷனில் இருந்தபடியே 1936இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் வரை சென்று, ஆர்சனலிடம் 0–1 எனத் தோற்றது. 1939இல் ஒரே புள்ளி வித்தியாசத்தில் வெட்னஸ்டேவை முந்தி மீண்டும் முதல் டிவிஷனுக்கு ஏறியது; சில மாதங்களில் போர் மூண்டு லீக் நின்றது.

1949இல் யுனைடெட் மறுபடி இறங்கியது. அடுத்த பருவத்தில் இரு ஷெஃபீல்டு அணிகளும் 52 புள்ளிகளுடன் சமமாக நின்றன. கோல் சராசரியில் (அடித்த கோல்களை விட்ட கோல்களால் வகுத்த ஈவு) 0.008 கூடுதலாக வைத்திருந்த வெட்னஸ்டே மேலே ஏற, யுனைடெட் தங்கிவிட்டது. டேவிசனைத் தடுத்தது அவரது பழைய கிளப்பே.

இறுதிக் காலம்

1952இல் செஸ்டர்ஃபீல்டுக்குத் திரும்பி 1958 வரை பணியாற்றினார். 1953இல் அங்கு ஓர் இளம் கோல்கீப்பரை வாரம் 3 பவுண்டு சம்பளத்துக்குப் பகுதிநேர ஒப்பந்தத்தில் சேர்த்தார். அந்த இளைஞர், 1966 உலகக் கோப்பையை இங்கிலாந்து வென்றபோது கோலைக் காத்த கார்டன் பேங்க்ஸ்.