முகவரியே பேரு

கோ மொழியில் அடுத்தவர் எழுதின பேக்கேஜ் ஒண்ணு வேணும்னா, அதன் பேருக்குப் பதிலா முகவரியையே எழுதணும். கிட்ஹப்.காம், சாய்கோடு, ஆள் பேரு, சாய்கோடு, ரெப்போ பேரு. பெர்லுக்கு சிபான், ரூபிக்கு ரூபிஜெம்ஸ் இருக்கற மாதிரி நடுவுல ஒரு கிடங்கு கிடையாது. எழுதினவர் ரெப்போவிலிருந்து நேரா நம்ம மெஷினுக்கு.

கூகுள் இந்த மொழியை வெளியிட்டது 2009ல். 2012 மார்ச்சில் கோ 1 வந்தப்போ 'கோ கெட்' கட்டளையும் கூடவே வந்தது. யார்கிட்டயும் பதிவு பண்ண வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம். அழகான யோசனைதான், மறுக்கலை. ஆனா எந்தப் பதிப்பு வேணும்னு சொல்ல அதில் இடமே இல்லை! பெரும்பாலும் அன்னிக்கு ரெப்போவில் என்ன கிடக்கோ அதுதான் வரும். கூகுளுக்குள்ள இது உறைக்காது. அங்கே பெரும்பாலான நிரல் ஒரே ரெப்போவில்தான் இருக்கு. வெளியில இருக்கறவங்களுக்கு நேத்து ஓடினது இன்னிக்கு ஓடாது.

சரி, முகவரியே பேருன்னா, வீடு மாறினா? 2016 ஜனவரியில் கூகுள் கோட் தளம் மூடப்பட்டது. அந்த முகவரியை எழுதியிருந்த நிரல்களையெல்லாம் திருத்த வேண்டியதாச்சு. 2017ல் இன்னொரு கூத்து. லாக்ரஸ் பேக்கேஜின் முகவரியில் ஆள் பேரின் முதல் எழுத்து, பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்தானது. கோ கருவிக்கு அது ரெண்டு வேற பேக்கேஜ். ஒரே நிரலில் ரெண்டும் வந்தா மோதல்தான். (தமிழ்ல இந்தத் தொல்லை இல்லை, தப்பிச்சோம் :-))

சிரிக்க முடியாதது 2018 பிப்ரவரியில் நடந்தது. கோ-பின்டேட்டா என்ற பேக்கேஜை வெச்சிருந்த கணக்கு காணாம போச்சு. வேற யாரோ அதே பேரில் கணக்கு திறந்து, பழைய நிரலை அங்கே திரும்ப வெச்சார். அடுத்தவங்க வேலை நிக்கக் கூடாதேங்கற நல்ல எண்ணம். அந்தப் பேரு கெட்ட எண்ணம் உள்ளவன் கையில சிக்கியிருந்தா?

இதுக்கு நடுவே கோடெப், கிளைட், டெப்னு ஆளாளுக்கு ஒரு கருவி. 2018ல் ரஸ் காக்ஸ் வேற வழியை முன்வெச்சார். டெப்புக்கு உழைச்சவங்களுக்கு அது கசந்தது; அதில் நியாயமும் இருக்கு. அந்த ஆகஸ்டில் கோ 1.11ல் மாட்யூல்கள் வந்தன. ஒரு பேக்கேஜ் 1.2 கேட்டு இன்னொண்ணு 1.4 கேட்டா, 1.9 வெளிவந்திருந்தாலும் 1.4தான் எடுக்கும். எனக்குப் பிடிச்ச அடக்கம் இது.

2019 செப்டம்பரில் கோ 1.13 வந்தப்போ, கூகுள் நடத்தும் இடைநிலை சர்வர் வழியா எடுக்கறதே வழக்கமாச்சு. வேண்டாம்னு ஒதுக்கின கிடங்கு வேற உருவத்தில் வந்து உட்கார்ந்திருக்கு. பழைய மாதிரி நேரா ரெப்போவிலிருந்துதான் வேணும்னா, 'கோபிராக்ஸி' என்ற மாறிக்கு 'டைரக்ட்'னு மதிப்பு கொடுத்துடுங்க.