கொல்லைவாசல் என்றார்கள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள மருத்துவக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில், முழு மரங்களை அடுக்கிக் கட்டிய பழைய வீடு ஒன்றைக் கூரைக்கடியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1828இல் பிறந்த வீடு அது. வர்ஜீனியாவிலிருந்து கொண்டுவந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு சின்ன மரக்கட்டடம். 1892இல் ஸ்டில் தம் முதல் மாணவர்களுக்குப் பாடம் சொன்ன பள்ளிக்கூடம். 2016 கோடையில் என் மகனைச் சேர்க்கப் போனபோது அதன் வாசலில் வெகுநேரம் நின்றேன். திருவாரூர்ப் பக்கம் நான் படித்த ஆரம்பப் பள்ளியைவிடப் பெரியதில்லை. என் பிள்ளையைப் போன்ற எத்தனையோ பேருக்கு வழிவிட்ட இடம் இது என்று நினைத்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும்போல இருந்தது.

நியூஜெர்சியில் ஒரு மருத்துவமனை லேபில் நான் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தார். எனக்கு இரவு ஷிஃப்ட். அவரைத் திருப்பிப் படுக்கவைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் அவன்தான். அந்த வருஷம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் அவன் வாங்கியது ‘டி’. பட்டம் வாங்கும்போது மொத்த ஜி.பி.ஏ. நான்குக்கு 2.7. “டாக்டர் படிப்பை மறந்துவிட்டு வேறு ஏதாவது யோசி” என்று கல்லூரி ஆலோசகர் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அதன் பிறகுதான் இந்த மதிப்பெண் வேலி எப்போது, யார் போட்டது என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் பொதுவாகப் பள்ளி முடித்ததும் மருத்துவத்தில் சேர முடியாது. நான்கு வருஷப் பட்டம், அதில் எடுத்த மதிப்பெண், எம்கேட் தேர்வு எல்லாம் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஆதியில் இப்படி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் தனியார் நடத்தியவை. பணம் கட்டியவர்களுக்கெல்லாம் இடம் உண்டு. 1893இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிதான், பட்டம் பெற்றவர்கள் மட்டும் வரலாம் என்று கறாராக நின்றது. கல்வியாளர் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்கா, கனடா முழுக்கச் சுற்றி 155 கல்லூரிகளைப் பார்த்துவிட்டு 1910இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் கண்ணுக்கு ஹாப்கின்ஸ்தான் உரைகல். ஆய்வகம் இல்லாத, நோயாளியே இல்லாத கல்லூரிகள் பல அதன் பிறகு மூடப்பட்டன. அது நல்லதுதான். லேபில் வேலை செய்கிற எனக்கு அந்தக் கண்டிப்பின் அருமை தெரியும். ஆனால் கறுப்பின மக்களுக்கென இருந்த ஏழு கல்லூரிகளில் ஹோவர்ட், மெஹாரி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்றும் அதே அறிக்கை சொன்னது. மற்ற ஐந்தும் போயின. களை எடுக்கப் போன கை நாற்றையும் சேர்த்துப் பிடுங்கியது.

ஃபிளெக்ஸ்னர் ஸ்டில்லின் பள்ளியையும் விடவில்லை, கடுமையாகவே எழுதினார். ஆனாலும் கிர்க்ஸ்வில் பிழைத்தது. அது பிழைத்த கதையைச் சொல்ல, ஸ்டில்லின் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோனது. அவரே மருத்துவர், கூட வந்து பார்த்தவர்களும் மருத்துவர்கள். ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாதரசக் கலவையும் அபினும் சாராயமும்தான் அன்றைக்கு மருந்து. இந்த வைத்தியத்தை நம்பிப் பயனில்லை என்று முடிவுசெய்த ஸ்டில், எலும்புகளையும் தசைகளையும் கையால் தொட்டுணர்ந்து சரிசெய்யும் முறையை வளர்த்தெடுத்து, அதற்கு ‘ஆஸ்டியோபதி’ என்று பெயர் வைத்தார். அவர் சொன்னதெல்லாம் பின்னால் அறிவியல் முன் நிற்கவில்லை. ஆனால் அவருடைய பள்ளிகள் கற்பதை நிறுத்தவில்லை. மருந்தியலும் அறுவைச் சிகிச்சையும் பாடத்திட்டத்துக்குள் வந்து, அமெரிக்காவின் வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி. படிப்புக்கு ஈடாக வளர்ந்தன. கையால் தொட்டுச் செய்யும் சிகிச்சை கூடுதல் பாடமாகத் தங்கியது. அங்கே படித்தவர்கள் வாங்கும் பட்டம் டி.ஓ.

ஆனாலும் எம்.டி.க்கள் டி.ஓ.க்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவப் பிரிவில் டி.ஓ.க்களை மருத்துவராக எடுக்கவில்லை. எம்.டி.க்கள் போர்முனைக்குப் போய்விட, ஊரில் தங்கிய டி.ஓ.க்களிடம் ஜனங்கள் போனார்கள். போர் முடிந்த பிறகும் அவர்களை விடவில்லை. ஒதுக்கியதே அவர்களை வேரூன்ற வைத்தது. 1962இல் கலிஃபோர்னியாவில் இன்னொரு சோதனை. 65 டாலர் கட்டினால் டி.ஓ. பட்டத்தை எம்.டி.யாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஏறக்குறைய 2,000 பேர் மாற்றிக்கொண்டார்கள். டி.ஓ. என்ற இனமே இதோடு அழிந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 65 டாலரில் ஒருவர் எம்.டி. ஆக முடியுமென்றால், இருவர் படிப்பிலும் அப்படி என்ன வித்தியாசம் என்ற கேள்வி தானாக எழுந்தது. 1966இல் ராணுவம் டி.ஓ.க்களை ஏற்றது. 1973இல் மிசிசிப்பியும் முழு உரிமம் கொடுக்க, எல்லா மாநிலங்களிலும் அவர்கள் முழு மருத்துவர்கள் ஆனார்கள்.

ஒதுக்கப்பட்டவர்கள் நடத்திய கல்லூரிகள், ஒதுக்கப்பட்ட மாணவர்களை வேறு கண்ணால் பார்த்தன. அவர்களுடைய விண்ணப்பத்தில் ஒரு விதி இருந்தது. அதுதான் என் பிள்ளையின் வாழ்க்கை.

பட்டம் முடித்தபின் அவன் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை மறுபடி படித்தான். பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் வகுப்பு. இந்த முறை ‘ஏ’. ‘டி’ என்றால் ஒரு புள்ளி, ‘ஏ’ என்றால் நான்கு. எம்.டி. கல்லூரிகளின் பொது விண்ணப்பம் இரண்டையும் கூட்டி வகுக்கும். அந்தப் பாடத்துக்கு 2.5 வரும். டி.ஓ. விண்ணப்பமோ பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை மட்டும் எடுத்துக்கொள்ளும், முழுசாக நான்கு. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, லேபில் கணக்குப் போடுகிற அதே கால்குலேட்டரில் நான் இரண்டு முறையும் போட்டுப் பார்த்தேன். இப்படி ஐந்து பாடங்கள் படித்தான். ஒரு கணக்கில் அவன் இன்னமும் அப்பாவுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையன். இன்னொரு கணக்கில் இன்றைக்கு இருக்கிற ஆள்.

2017இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு விண்ணப்பங்களும் எல்லா மதிப்பெண்ணையும் கூட்டியே கணக்கிடுகின்றன. மகன் அதற்கு முந்தின வருஷமே உள்ளே போய்விட்டான். அந்த நிம்மதியை நினைக்கும்போதெல்லாம், பின்னால் வந்து நின்ற பிள்ளைகளின் ஞாபகமும் கூடவே வருகிறது. வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷத்தைப் பிள்ளையின் அறிவுக்கு அளவாக வைப்பது நியாயம் என்று என்னால் எப்போதும் ஒப்புக்கொள்ள முடியாது. மறுபடி உட்கார்ந்து படித்து, அதே பாடத்தில் தேறிக் காட்டியவனுக்கு அந்தத் தேர்ச்சியைக் கணக்கில் வைப்பது சலுகை ஆகாது. கற்றலுக்குக் கொடுக்கிற மரியாதை அது.

2020இல் அவன் பட்டம் வாங்கினான். எம்.டி., டி.ஓ. இரு தரப்புக்கும் மேற்பயிற்சி இடங்கள் முதன்முறையாக ஒரே பட்டியலில் நிரப்பப்பட்ட வருஷம் அது. கொரோனாவால் விழா நடக்கவில்லை. வீட்டுக் கூடத்தில் கணவரின் சக்கர நாற்காலிக்கு முன்னால் அங்கி போட்டு நின்றான். இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் டி.ஓ. மாணவர்கள். அவன் மிசௌரியில் ஒரு கிராமத்துக் கிளினிக்கில் குடும்ப மருத்துவனாக இருக்கிறான். போன மாதம் போயிருந்தபோது என் கழுத்துவலிக்குக் கைவைத்துப் பார்த்தான். “மூச்சை விடும்மா” என்றான். அவன் விரல் வலியை நேராகத் தேடிப் போய் நின்றது.

“டி.ஓ.வா? அப்போ எம்.டி. கிடைக்கலையா?” என்று கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு. கொல்லைவாசல் வழியாகப் போனான் என்று பேசியவர்களும் உண்டு. முன்பெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். கிர்க்ஸ்வில் பள்ளிக்கு அரசு கொடுத்த முதல் சாசனத்தில் எம்.டி. பட்டமே கொடுக்கலாம் என்று அனுமதி இருந்ததாம். ஸ்டில்தான் அது வேண்டாமென்று தமக்கென்று வேறு பட்டம் வைத்துக்கொண்டார். அந்தச் சின்ன மரக்கட்டடத்தின் வாசல் அவர் கட்டிய வீட்டின் முன்வாசல். இப்போது யார் கேட்டாலும் “ஆமாம், டி.ஓ.” என்று வாய்நிறையச் சொல்கிறேன்.