நுகர்வு–ஓய்வுத் தெரிவு: மட்டக்களப்பு வாவிக்கரை

நுகர்வு–ஓய்வுத் தெரிவு என்பது, நாளின் 24 மணி நேரத்தில் எவ்வளவை வருமானத்துக்காக உழைப்பது, எவ்வளவைத் தமக்கென வைத்துக்கொள்வது என்று ஒருவர் முடிவு செய்வதாகும். பாடநூல்கள் இதை, ஒரேயளவு மனநிறைவு தரும் ஓய்வு–வருமானச் சேர்க்கைகளை இணைக்கும் சமநோக்கு வளையிகளால் விளக்குகின்றன. ஒரு மணி நேர ஓய்வை விட்டுக்கொடுக்க ஒருவர் எவ்வளவு வருமானம் கேட்பார் என்பதை அவ்வளையியின் சாய்வு காட்டும்.

இலங்கையில் கடை, அலுவலக ஊழியரின் வேலை நேரத்தை 1954ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. மட்டக்களப்பு வாவியில் தோணியும் வீச்சுவலையும் கொண்டு தொழில் செய்பவருக்கு அத்தகைய எல்லை இல்லை. ஆகவே விருப்புகளின் பங்கு இங்கே தெளிவாகப் புலப்படுகிறது.

இறால் விலை ஏறினால் இரு விளைவுகள் எதிரெதிராக இழுக்கும். ஓய்வின் விலை கூடிவிட்டதால் இன்னும் உழைக்கத் தூண்டுவது பதிலீட்டு விளைவு. தேவையான பணம் விரைவில் கைக்கு வருவதால் வலையைச் சுருட்டத் தூண்டுவது வருமான விளைவு. இரண்டில் எது மிஞ்சும் என்பதை விருப்புகளே தீர்மானிக்கின்றன. பெண் மக்களுக்குச் சீதனமாக வீடு கட்டிக்கொடுப்பது கிழக்கிலங்கைத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வேரூன்றிய வழக்கம். அந்த வீடு எழும்பும்வரை ஒவ்வொரு மணி நேர உழைப்பும் பெறுமதியுடையது. பலர் அதற்காக மத்திய கிழக்குக்கும் போகின்றனர். கடமை முடிந்தபின் அதே விலைக்கு அதே மனிதர் குறைவாக உழைக்கலாம். இதைச் சோம்பல் என்பது தவறு. ரஷ்யப் பொருளியலாளர் சயனோவ் 1925இல் வெளியிட்ட நூலில், உழவர் குடும்பம் தன் தேவைக்கும் உழைப்பின் கடுமைக்கும் இடையே சமநிலை தேடுவதாகக் காட்டினார். வாவிக்கரைக்கும் அது பொருந்தும்.

ஓய்வின் மதிப்பு எல்லா நாளும் ஒன்றல்ல. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும்போது ஊரே கூடுகிறது. அப்போது கிடைக்கும் நேரம், தனியே கழிக்கும் நேரத்தைவிட மதிப்பு மிக்கது. கூத்து ஆடுபவர் அரங்கேற்றத்துக்கு முன் பல இரவுகளைப் பயிற்சிக்குக் கொடுக்கிறார். இரவுத் தொழில் செய்பவருக்கு அது இழந்த வருமானமே.

உழைத்த மணி நேரத்தை மட்டும் பார்த்து விருப்பை ஊகிக்க முடியாது. 2022 செப்டெம்பரில் இலங்கையின் ஆண்டுப் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டியிருந்தது. அன்று கூடுதலாக உழைத்தவர் ஓய்வை வெறுத்தவரல்லர். அடகு வைத்த நகையும் வாரக் கடன் தவணையும் தெரிவின் எல்லையைச் சுருக்குகின்றன. சமையல், பிள்ளை பராமரிப்பு ஆகியவற்றில் செல்லும் பெண்களின் நேரத்தையும் ஓய்வென்று கணக்கிடலாகாது. பொருளியலாளர் கேரி பெக்கர் 1965இல், குடும்பம் சந்தைப் பொருள்களோடு தன் நேரத்தையும் சேர்த்தே தேவைகளை நிறைவு செய்வதாகக் காட்டினார்.