போர்முனை கண்ட பெரியவர்: என் நன்னாவும் அவர் காலமும்

 

இராவுத்தர் என்னும் சொல்லே குதிரை வீரரைக் குறிப்பதாகும். படைத்தொழில் நம் முன்னோருக்குப் புதிதன்று. மதுரையை ஆண்ட கான் சாகிப் எனும் முகம்மது யூசுப் கான், கும்பினியாரிடம் பணியாற்றிப் பின்னர் அவர்களையே எதிர்த்து நின்று 1764-இல் தூக்கிலிடப்பட்டார். அவர் உடலின் ஒரு பகுதி நம் பெரியகுளத்தில் அடக்கமாகியிருப்பதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அத்தகைய பெயர் பெற்ற வீரர்களை வரலாறு நினைவில் வைத்துள்ளது. ஆயின், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த படைவீரர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோமா?

என் நன்னா அவர்கள் இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றியவர்கள். 1780-இல் தோன்றிய அப்பிரிவின் தலைமையிடம் பெங்களூர். பாலம் அமைத்தல், பாதை போடுதல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியன அதன் பணிகள். தென்னாட்டார் போர்க்குணம் இல்லாதவர் என்று கூறி, முதல் உலகப் போருக்குப் பின் மதராஸ் காலாட்படைப் பிரிவுகளை ஆங்கில அரசு படிப்படியாகக் கலைத்துவிட்டது. ஜப்பானியர் நெருங்கி வந்தபோதோ அதே அரசு அப்பிரிவுகளை மீண்டும் எழுப்பி, ஊர் ஊராக ஆள் சேர்த்தது. அப்போரில் பணியாற்றிய இந்திய வீரர் சுமார் 25 இலட்சம் பேர். உயிர் நீத்தோர் சுமார் 87,000 பேர். 1944-இல் இத்தாலியில், உடனிருந்தோரைக் காக்கக் கண்ணிவெடி மீது விழுந்து உயிர் துறந்து, ஜார்ஜ் சிலுவை விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த தமிழரே.

நன்னா சென்றது பர்மா முனைக்கு. வீட்டின் வறுமையே அவர்களைப் படைக்கு அனுப்பியது. 1944 மார்ச் முதல் ஜூலை வரை இம்பாலிலும் கோஹிமாவிலும் நிகழ்ந்த கடும்போரில் ஜப்பானியர் தடுத்து நிறுத்தப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் சிந்துவின் ஆற்றின் மீது காலேவாவில் 1,154 அடி நீளமுள்ள இரும்புப் பாலம் அமைக்கப்பட்டது. 1945 மே மாதம் ரங்கூன் மீட்கப்பட்டது. மழையும் மலேரியாவும் ஜப்பானியரைவிடக் கொடிய பகைவர்களாக இருந்தன என்று நன்னா சொல்வார்கள். அதற்கு மேல் அவர்கள் அதிகம் பேசியதில்லை.

1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு இடப்பட்ட இரயில் பாதை, போர்த் தேவைக்காக 1942-இல் பெயர்த்தெடுக்கப்பட்டது. 1946-இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட நன்னா, இரயில் இல்லாத ஊருக்குத்தான் திரும்பி வந்தார்கள். கணவாயைக் கடந்து, தோளில் தகரப் பெட்டியுடன் அவர்கள் வந்திறங்கியதை ஊர்ப் பெரியவர்கள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தனர். 1950-களில் இரயில் மீண்டும் வந்தது; வைகை அணையும் எழும்பியது. படையில் கற்ற தொழிலைக் கொண்டு நன்னா அணைக்கட்டு வேலையில் சேர்ந்தார்கள். 1959 ஜனவரி 21-இல் அணை திறக்கப்பட்டபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்று துஆ செய்தார்களாம்.

பள்ளியில் நேதாஜியைப் பற்றிப் படித்துவிட்டு வந்த நாளில் நான் ஒரு கேள்வி கேட்டேன். இந்திய தேசிய இராணுவம் இம்பாலில் எதிர்ப்பக்கம் நின்றதே. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் அதில் சேர்ந்தார்களே. அப்படியானால் நீங்கள் யாருக்காகப் போரிட்டீர்கள் என்றேன். சிறுவயதின் துடுக்கு அது. நன்னா கோபிக்கவில்லை. நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, இருபக்கமும் நம் பிள்ளைகளே இறந்தார்கள் என்றும், இரவில் எதிர்ப்பக்கத்திலிருந்து தமிழ்க் குரல் கேட்டுவிடுமோ என்பதே தம் அச்சமாக இருந்தது என்றும் கூறினார்கள். பின்னர் ஒளூ செய்ய எழுந்து போய்விட்டார்கள்.

அந்த விடையின் கனம் பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. 1945-இல் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் ஆகிய மூவர் மீதும் வழக்கு நடந்தபோது நாடே அவர்கள் பக்கம் நின்றது. அது நியாயமே. ஆனால் மறுபக்கம் நின்ற ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக எண்ணுவது நியாயமாகாது. விடுதலைக்குப் பின் அதே படையினரே நாட்டைக் காத்தனர். 1948 ஜூலை 3-இல் காஷ்மீரில் ஷஹீதான பிரிகேடியர் முகம்மது உஸ்மானும் ஆங்கிலேயர் காலப் படையில் வளர்ந்தவர்தாம்.

இம்பாலில் இந்திய இராணுவத்தினருக்கெனத் தனிக் கல்லறைத் தோட்டம் உள்ளது. அங்கே அடங்கியிருப்போரில் பெரும்பாலோர் முஸ்லிம் வீரர்கள். தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. போரில் இறந்தவர்களின் பெயர்களைக் கல் காத்து வருகிறது. உயிரோடு திரும்பி, நம்மிடையே வாழ்ந்து, நம் மையவாடியில் அடங்கியவர்களின் பெயர்களைக் காப்பது நம் கடமையன்றோ?

இதில் எங்கள் குடும்பமே தவறிவிட்டது. நன்னாவின் ஆறுமுனை பர்மா நட்சத்திரம் மட்டுமே எஞ்சியுள்ளது. படைவிடுவிப்புத் தாள்களைக் கரையான் அரித்துவிட்டது. அவர்களின் படை எண்ணோ, எந்தக் கம்பெனியில் இருந்தார்கள் என்பதோ இன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிவாசல் பதிவேட்டில் அவர்களின் பெயர், தகப்பனார் பெயர், மையத்து அடக்கிய நாள் ஆகிய ஒரு வரியே உள்ளது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். நம் மஹல்லாவில் படைப்பணி செய்தோரின் விவரங்களுக்கெனத் தனி ஏடு ஒன்று தொடங்குங்கள். குடும்பத்தார் தம் பெட்டிகளில் உள்ள பழைய தாள்களை எடுத்து வந்து நகல் கொடுங்கள். முதல் வரியாக என் நன்னாவின் பெயரை, தெரிந்த அளவோடு, நானே எழுதித் தருகிறேன்.

எல்லாம் வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, கப்ரை விசாலமாக்கி, ஜன்னத்துல் ஃபிர்தௌஸை வழங்குவானாக! ஆமீன்.