ஏணி யாருடையது? – கக்கனின் உயர்வும் நமது கேள்விகளும்



அடித்தட்டில் பிறந்த ஒருவர் எப்படித் தலைவராகி அதிகாரத்துக்கு வருகிறார், வந்தபின் அந்த அதிகாரம் யாருக்குப் பயன்படுகிறது என்பதே இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். பாளையங்கோட்டையில் இதைப் பேசும்போது ரஷ்யாவிலிருந்து தொடங்குவதில் வியப்பில்லை. நம்மில் மூத்தவர்கள் பலருக்கு முதன்முதலில் கையில் கிடைத்த தலைவர் வரலாறு மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த நூல்தான். முன்னேற்றப் பதிப்பகத்தின் நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மலிவு விலைக்குக் கொடுத்தது. சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து அவற்றை வாங்கிய மாணவர்கள் இந்த ஊரில் உண்டு.

அந்த நூல்களைப் படித்த நமக்கு ஒரு செய்தி மறக்க முடியாதது. 1878இல் ஜார்ஜியாவின் கோரி என்ற சிற்றூரில் பிறந்த ஸ்டாலின் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். அவருடைய தாய் பிறர் வீடுகளில் துணி துவைத்தவர். செருப்புத் தைப்பவரின் மகன் ஒரு பேரரசின் இடத்தில் எழுந்த நாட்டை ஆண்டார் என்று படித்தபோது, நம் தெருக்களை நினைத்துக்கொண்டோம். ஆனால் அன்று நாம் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. கோரியில் செருப்புத் தைப்பது ஏழையின் தொழில், தீட்டு அல்ல. அந்தத் தொழிலாளியின் மகன் தேவாலயப் பள்ளியில் படித்தான். பிறகு திஃப்லிஸ் நகரத்தில் பாதிரிமார்களை உருவாக்கும் கல்லூரியிலும் சேர்ந்தான். அதே காலத்தில் நம் ஊர்களில் செருப்புத் தைப்பவரின் பிள்ளை கோயிலுக்குள் போவது இருக்கட்டும், கோயில் இருக்கும் தெருவில் நடக்கவே முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1922 ஏப்ரலில் ஸ்டாலின் கட்சியின் பொதுச் செயலாளரானபோது, அதை எழுத்தர் வேலை என்றுதான் பலர் நினைத்தார்கள். எந்த ஊருக்கு யார் செயலாளர், எந்தக் குழுவில் யார் என்று தீர்மானிக்கும் இடம் அது. அவரை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்க வேண்டும் என்று 1923 ஜனவரியில் லெனினே எழுதியும் அசைக்க முடியவில்லை. அவரால் நியமிக்கப்பட்டவர்கள் கீழிருந்து மேல்வரை பரவியிருந்தார்கள். அதே அதிகாரம் 1937, 1938 ஆண்டுகளில் லட்சக்கணக்கானவர்களின் உயிரைக் குடித்தது. ஆகவே அது நாம் கொண்டாடும் கதை அல்ல. ஆனால் ஒரு பாடம் அதில் இருக்கிறது. பதவி தானாக அதிகாரம் ஆகிவிடுவதில்லை. அந்தப் பதவிக்குக் கீழே யார் நிற்கிறார்கள், அவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதுதான் அதை அதிகாரமாக்குகிறது.

இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் மண்ணின் ஒருவரைப் பார்ப்போம். அவரும் அடித்தட்டில் பிறந்தவர். கட்சியின் மாநிலத் தலைவராக இருந்தவர். காவல்துறையைக் கையில் வைத்திருந்த அமைச்சர். அவர் பெயர் பி. கக்கன்.

தும்பைப்பட்டியிலிருந்து

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908 ஜூன் 18 அன்று கக்கன் பிறந்தார். தந்தை ஊர்க்கோயில் பூசாரி; அவரைப் பூசாரி கக்கன் என்றே அழைத்தார்கள். தம் தெய்வத்துக்குத் தாமே பூசை செய்யும் குடும்பத்தின் பிள்ளைக்கு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைய உரிமை இல்லை. பள்ளிப் படிப்போடு அவர் கல்வி நின்றது. அரிசன சேவா சங்கத்தின் பணியில் சேர்ந்து சேரிகளில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். அங்கேதான் வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயரின் அன்புக்கு உரியவரானார்.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் கக்கனும் ஒருவர். சுவாமி முருகானந்தம், முத்து, சின்னையா, பூவலிங்கம் ஆகியோரும், நாடார் சமூகத்தைச் சேர்ந்த சண்முகமும் உடன் சென்றார்கள். பாடப் புத்தகங்களில் இந்நிகழ்ச்சி பெரும்பாலும் வைத்தியநாத ஐயரின் பெயரால் நிற்கிறது. அவருடைய துணிவைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சொந்தச் சாதியாரின் வசையை அவர் தாங்கினார். ஆனாலும், உள்ளே போன பிறகு அடி விழுந்தால் சேரி வரைக்கும் தொடரும் என்று தெரிந்தே காலடி வைத்தவர்களின் துணிவு வேறு. அந்தப் பெயர்களை மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும்.

1955இல் வைத்தியநாத ஐயர் மறைந்தபோது கக்கன் மகனைப் போல மொட்டை அடித்துக்கொண்டார் என்று இன்றும் நெகிழ்ந்து சொல்கிறார்கள். அந்த அன்பு உண்மையானது. அதில் கக்கனின் அரசியல் பாதையும் தெரிகிறது. அவரை ஏற்றிவிட்ட ஏணி தேசியக் கட்சியின் ஏணி. அதைப் பிடித்திருந்த கைகள் அவருடைய மக்களின் கைகள் அல்ல.

பூனாவில் செய்த ஏணி

இந்த ஏணி செய்யப்பட்ட நாள் நமக்குத் தெரியும். 1932 செப்டம்பர் 24, எரவாடா சிறை. தனி வாக்காளர் தொகுதி கேட்ட அம்பேத்கர், காந்தியின் உண்ணாவிரதத்துக்கு முன்னால் கூட்டு வாக்காளர் முறைக்கு ஒப்ப நேர்ந்தது. மாகாணச் சட்டமன்றங்களில் 71 இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை கூடியது. ஆனால் அந்த இடங்களில் யார் உட்கார வேண்டும் என்பதை ஊரின் பெரும்பான்மை வாக்கு தீர்மானித்தது. 1942இல் அம்பேத்கர் தொடங்கிய ஷெட்யூல்டு வகுப்புக் கூட்டமைப்பு 1946 தேர்தலில் நாடு முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களையே பெற முடிந்தது. அதே 1946இல் கக்கன் காங்கிரஸ் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றார்.

இதைச் சொல்வது கக்கனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. மேலூர்ப் பகுதிச் சேரியில் பிறந்த ஓர் இளைஞனுக்கு அன்று கைக்கெட்டிய தூரத்தில் இருந்த ஏணி அதுதான். அவர் அதில் திறமையோடு ஏறினார். 1952இல் மதுரையிலிருந்து மக்களவைக்கு. காமராசர் முதல்வரான பிறகு தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவர் பதவிக்கு. 1957 ஏப்ரலில் பொதுப்பணித் துறையும் அரிசன நலத் துறையும் சேர்ந்த அமைச்சர் பொறுப்புக்கு. 1962இல் வேளாண்மைத் துறைக்கு. 1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதல்வரானபோது உள்துறைக்கு.

காங்கிரஸ் மாநிலத் தலைவர் பதவி சிறிய பதவியா? இல்லை. அதே நாற்காலியில் இருந்துதான் காமராசர் மாநிலத்தையே தம் கைக்குள் கொண்டுவந்தார். மாவட்டந்தோறும் யார் தலைவர், யாருக்குத் தேர்தலில் இடம் என்பதை அறிந்து வைத்திருந்தார். ரஷ்யாவின் பொதுச் செயலாளருக்குப் பலம் தந்தது எதுவோ, அதற்கு இணையானது இங்கேயும் அந்தப் பதவியில் இருந்தது. ஆனால் கக்கன் அமர்ந்தபோது நாற்காலி அதுவாக இருந்தாலும் அதன் பலம் அவருக்கு வந்து சேரவில்லை. கட்சியின் கீழ்மட்டக் கால்கள் ஊர்தோறும் நிலம் வைத்திருந்த சாதிகளில் ஊன்றியிருந்தன. மிராசுதாரின் வீட்டுத் திண்ணையில் கூடும் கட்சிக் கமிட்டி, சேரியில் பிறந்த தலைவரின் சொல்லுக்கு எந்த அளவுக்குக் கட்டுப்படும்? கோரியின் செருப்புத் தொழிலாளி மகனுக்கு இந்தத் தடை இருக்கவில்லை. வர்க்கத்தைத் தாண்டியவர் அங்கே தலைவரானார். இங்கே சாதியையும் தாண்ட வேண்டியிருந்தது.

தண்ணீரும் தடியும்

அமைச்சராக அவர் பார்த்த வேலைகள் கண்முன்னே இருக்கின்றன. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அவரிடம் இருந்தது. நம் தாமிரபரணியில் வந்து கலக்கும் மணிமுத்தாற்றின் குறுக்கே 118 அடி அணை 1950களின் இறுதியில் பயனுக்கு வந்த காலமும் அதுவே. நாங்குநேரி, திருவைகுண்டம் பக்கத்து வறண்ட நிலங்களுக்குத் தண்ணீர் போகும் கால்வாயைப் பார்க்கும்போது கக்கனின் பெயரையும் நினைக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்லும் பள்ளிக்கூடம் எது? நினைப்பதோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் நம் மக்களுக்குச் சொந்தமானது எவ்வளவு? அணை கட்டும் துறை நமக்குக் கிடைத்தது. நிலத்தைப் பங்கிடும் வலு கிடைக்கவில்லை.

அவர் அமைச்சராகி ஐந்து மாதத்தில், 1957 செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் பற்றி எரிந்தது. அப்போது அமைச்சரவையில் அரிசன நலம் கக்கனிடம் இருந்தது. காவல்துறை வேறொருவரிடம் இருந்தது. நலத்தைத் தலித்திடமும் தடியை மற்றவரிடமும் கொடுப்பது நம் ஆட்சிகளின் பழைய வழக்கம்.

அந்த வழக்கம் 1963இல் மாறியது. ஒரு தலித் உள்துறை அமைச்சரானார். 1964இல் லஞ்ச ஒழிப்புத் துறை தொடங்கப்பட்டது அவர் காலத்தில்தான். ஆனால் 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். அடுத்த வாரங்களில் மேலும் பலர் மாண்டார்கள். ஆட்சியின் முகம் முதல்வர் பக்தவத்சலம். ஆனால் சுட்டது கக்கனின் துறை. அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க நமக்கு உரிமை இல்லை. நம்மவர் என்பதற்காகத் துப்பாக்கிக்கு வேறு பெயர் வைக்க முடியாது. ஆனால் இதையும் சேர்த்தே சொல்வோம்: நெடுங்காலம் மூடியிருந்த அறையின் சாவி நம் கைக்கு வந்த நேரத்தில், அந்த அறை தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. 1967 தேர்தலில் மேலூர்ப் பகுதியிலேயே தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் கக்கன் தோற்றார்.

எளிமை என்னும் மாலை

அதன்பிறகு வந்த கக்கனைத்தான் தமிழ்நாடு அறியும். வாடகை வீடு, பேருந்துப் பயணம், மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டு. வேறொருவரைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர். அங்கே கக்கனைக் கண்டு கலங்கி, உதவிக்கு ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பர் 23 அன்று கக்கன் மறைந்தார். 1999இல் அஞ்சல் தலை வெளியிட்டார்கள்.

அந்த நேர்மை நமக்குப் பெருமை. பத்தாண்டு அமைச்சராக இருந்தும் காசு சேர்க்காதவர் என்பது சிறிய செய்தி அல்ல. ஆனால் மேடைதோறும் இந்த ஒன்றை மட்டும் சொல்கிறவர்களை நாம் கவனிக்க வேண்டும். மற்றத் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறார்கள். கக்கனைப் பற்றிப் பேசும்போது அவரிடம் என்ன இல்லை என்று சொல்கிறார்கள். வீடு இல்லை, கார் இல்லை, கட்டில் இல்லை. ஏழையாகச் செத்த தலித்தைப் புகழ்வது எல்லோருக்கும் எளிது. அந்தப் புகழ் யாருடைய வயலையும் கேட்பதில்லை. பத்தாண்டு ஆட்சி செய்த ஒருவர் முடிவில் பொது வார்டில் கவனிப்பாரற்றுக் கிடந்தார் என்றால், அது அவருடைய பண்பைக் காட்டுவதோடு அவருக்குப் பின்னால் எந்த அமைப்பும் இல்லை என்பதையும் காட்டுகிறது.

கொக்கிரகுளத்தில்

அஞ்சல் தலை வெளிவந்த அதே 1999இல், ஜூலை 23 அன்று, இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் என்ன நடந்தது என்று இந்த அரங்கில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மணிமுத்தாறு அணைக்கு மேலே உள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் மக்கள் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். தடியடி நடந்தது. ஆற்றில் இறங்கியவர்கள் மேலும் அடிக்கப்பட்டார்கள். 17 பேர் மாண்டார்கள்; அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு.

அன்றும் சட்டமன்றத்தில் தனித்தொகுதி உறுப்பினர்கள் இருந்தார்கள். அமைச்சரவையில் தலித்துகள் இருந்தார்கள். தடியை நிறுத்த அவர்களால் முடியவில்லை. உள்துறையே ஒரு தலித்திடம் இருந்த காலத்தையும் நாம் பார்த்துவிட்டோம். ஆகவே ‘நம்மவர் ஒருவர் மேலே போகட்டும், எல்லாம் சரியாகும்’ என்று காத்திருப்பதில் பயனில்லை. அதே சமயம், மேலே போவதே வீண் என்று ஒதுங்குவதும் பிழை. அந்த 17 பேரின் பெயரை ஆண்டுதோறும் ஆற்றங்கரையில் சொல்கிறவர்கள் எந்தப் பதவியிலும் இல்லாதவர்கள். கக்கனுக்குக் கிடைத்த பதவி இவர்களிடம் இல்லை. இவர்களிடம் இருக்கும் கூட்டு கக்கனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டும் ஓரிடத்தில் சேர்வதற்கான வேலைதான் நம் முன்னே கிடக்கிறது.

மாணவ நண்பர்களே, கக்கனை வாசியுங்கள். அவருடைய எளிமையோடு சேர்த்து அவர் நடத்திய துறைகளையும், அவரால் முடியாமற்போனவற்றையும் வாசியுங்கள். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் நூலகங்களில் இருக்கின்றன. அவற்றில் அவர் பேசியதைத் தேடி எடுங்கள். பிறகு உங்கள் ஊர் ஊராட்சித் தலைவர் நாற்காலியைப் போய்ப் பாருங்கள். தனி ஊராட்சியில் வென்ற நம் அக்காவோ அண்ணனோ அதில் உட்கார்ந்திருக்கிறார்களா, அல்லது ஓரமாக நிற்கிறார்களா? நிற்கிறார்கள் என்றால், அவர்களைச் சுற்றி நாம் போய் நிற்க வேண்டிய இடமும் அதுதான்.