தானாக வந்த வைஃபை

கெலுகோரில் போன வாரம் ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டேன். வைஃபை தானாகவே வந்துடுச்சு. அதுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

2000களின் தொடக்கத்தில் பிராட்காம் தன் வைஃபை சிப்புகளின் தொழில்நுட்பக் குறிப்புகளை வெளியிடவில்லை. பலர் விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்டிச் சமாளித்தார்கள். தன்னார்வலர்கள் சிலர் வேறு வழி பிடித்தார்கள். ஒரு குழு, இருந்த டிரைவரைப் பிரித்துப் படித்து, சிப் நடந்துகொள்ளும் விதத்தை எழுதிவைத்தது. அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து இன்னொரு குழு புது டிரைவர் எழுதியது. பதிப்புரிமைச் சிக்கல் வராமலிருக்கத்தான் இந்தப் பிரிவினை. 2006இல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. 2010இல்தான் பிராட்காமே தன் புதிய சிப்புகளுக்குத் திறமூல டிரைவர் தந்தது.

பினாங்கில் 1972லேயே இன்டெல் தொழிற்சாலை வந்துவிட்டது. சிப் எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால், செய்யும் ஊருக்கே அதன் உள்விவரம் தானாகக் கிடைத்துவிடாது. யாராவது உட்கார்ந்து எழுதணும்.