மத்ரஸா நேரமும் பிள்ளைகளின் உடல் எடையும்: பிராட்ஃபோர்டு அனுபவம்

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள பிராட்ஃபோர்டு, ஒரு காலத்தில் கம்பளி ஆலைகளுக்குப் பெயர்போன நகரம். அந்த ஆலைகளில் வேலை செய்ய மீர்பூர் போன்ற பகுதிகளிலிருந்து போன முஸ்லிம்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே வாழ்கிறார்கள். ஆலைகள் மூடப்பட்டன, வறுமை தங்கிவிட்டது. கூடவே சர்க்கரை நோயும் உடல் பருமனும்.

2007ல் அங்கே 'பார்ன் இன் பிராட்ஃபோர்டு' என்ற ஆய்வு தொடங்கியது. 13,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே கவனித்துவரும் இந்த ஆய்வில், ஏறத்தாழ பாதித் தாய்மார்கள் பாகிஸ்தான் வம்சாவளியினர். இவர்களின் குழந்தைகள் வெள்ளையினக் குழந்தைகளைவிட எடை குறைவாகப் பிறக்கின்றன. ஆனால் அந்த எடையோடு ஒப்பிட்டால் உடம்பில் கொழுப்பு அதிகம். ஒல்லியாக இருக்கிறான், கவலையில்லை என்று நாம் சொல்வதை யோசிக்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கும் இதே நிலைதான். பொதுவாக பி.எம்.ஐ. 25ஐத் தாண்டினால் கவனம் தேவை என்பார்கள். தெற்காசியர்களுக்கு 23லேயே கவனம் வேண்டும் என பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013ல் அறிவுறுத்தியது. இது நமக்கும் பொருந்தும்.

அங்குள்ள முஸ்லிம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஸ்கூல் விட்டதும் மத்ரஸாவுக்குப் போகிறார்கள். மற்ற பிள்ளைகள் ஓடியாடும் நேரத்தில் இவர்கள் உட்கார்ந்து ஓதுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லிவிட்டுப் போகாமல், பிள்ளைகள் கூடும் இடம் இதுதானே என்று ஆய்வாளர்கள் பள்ளிவாசல்களையே நாடினார்கள். உஸ்தாதுகள், நிர்வாகிகள், பெற்றோர்களிடம் கருத்துக் கேட்டு, மத்ரஸாக்களுக்கென ஒரு கையேடு தயாரானது. அரசாங்கத் துண்டுப்பிரசுரத்தைப் படிக்காமல் ஒதுக்கும் வீட்டில்கூட, வயிற்றை மூன்று பங்காகப் பிரிக்கச் சொன்ன நபிமொழியை ஹஜ்ரத் சொன்னால் கேட்பார்கள். நபி (ஸல்) அவர்களின் உணவுப் பழக்கம் ஏற்கனவே பாடத்தில் இருக்கும் விஷயம்தான்.

அங்கே உள்ள சிரமங்கள் நமக்கும் தெரிந்தவை: ஓதும் நேரம் குறையுமோ என்ற தயக்கம், இட நெருக்கடி, சம்பளமில்லாமல் அல்லது சொற்ப சம்பளத்துக்கு உழைக்கும் ஆசிரியர்கள்.

நம் மக்தபுகளில் நன்றாக ஓதிய பிள்ளைக்கு மிட்டாயும் சிப்ஸ் பாக்கெட்டும்தான் பரிசு. அதற்குப் பதிலாகப் பேரீச்சம்பழமோ வேர்க்கடலையோ கொடுக்கச் செலவு கூடாது. பாடத்துக்கு நடுவே பத்து நிமிடம் முற்றத்தில் ஓடவிடலாம். பையன்களுக்காவது தெரு இருக்கிறது; பத்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் ஓடியாட நம் ஊர்களில் இடம் எங்கே? பள்ளிவாசல் வளாகத்தில் வாரம் ஒரு மாலை அவர்களுக்கென ஒதுக்க முடியுமா என்பதை, அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் தாய்மார்களையும் அழைத்துக் கேட்க வேண்டும்.